குணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

சிக்கனக்காரர், கஞ்சர் என்னும் இரண்டு சொற்களைத் தமிழில் நாம் மாற்றிப் பயன்படுத்துவதில்லை. முன்னது பாராட்டு, பின்னது பழிப்பு. ஆங்கிலத்தில் எழுதும்போதோ இந்த விழிப்பு நம்மை விட்டு நீங்கிவிடுகிறது. குணத்தைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லும் ஒரு தீர்ப்பையும் சுமந்து வருகிறது. அதை அறியாமல் பொருளை மட்டும் மனப்பாடம் செய்வதால் பயனில்லை.

சேமிப்பு தொடர்பான சொற்களையே பாருங்கள். வரவறிந்து செலவிடுபவர் 'த்ரிஃப்டி'. ஆடம்பரமின்றி எளிமையாக வாழ்பவர் 'ஃப்ரூகல்'. இவை இரண்டும் பாராட்டுச் சொற்கள். பிறருக்குக் கொடுக்க மனமில்லாதவர் 'ஸ்டிஞ்சி'. தாமும் துய்க்காமல் பணத்தைப் பூட்டி வைப்பவர் 'மைசர்'. இச்சொற்களின் பிறப்பும் சுவையானது. 'த்ரிஃப்டி' என்பது செழித்தலைக் குறிக்கும் 'த்ரைவ்' என்ற சொல்லுக்கு உறவு. 'மைசர்' என்பதோ, 'இரங்கத்தக்கவன்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

வேலைக்கான பரிந்துரைக் கடிதத்தில் இந்த வேறுபாடு ஓர் இளைஞரின் எதிர்காலத்தையே தொடுகிறது. கொள்கையில் உறுதியானவரை 'ஃபர்ம்' என்று எழுதினால் அது நன்மதிப்பு. 'ஸ்டபர்ன்' என்று எழுதினால் பிடிவாதக்காரர் என்றாகிவிடும். தன்னம்பிக்கை உடையவர் 'கான்ஃபிடென்ட்', செருக்குடையவர் 'அரகன்ட்'. அறியும் ஆவல் கொண்டவர் 'க்யூரியஸ்'. பிறர் விவகாரத்தில் மூக்கை நுழைப்பவர் 'நோஸி'.

நம் நாட்டு வழக்கிலும் கவனம் தேவை. கடுமையாக உழைப்பவரை நாம் 'சின்சியர்' என்கிறோம். ஆனால், உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பதே அச்சொல்லின் பொருள். உழைப்பைக் குறிக்க 'டிலிஜென்ட்' என்பதே பொருத்தம். திருமண விளம்பரங்களில் குடும்பப் பாங்கைக் குறிக்கும் 'ஹோம்லி', அமெரிக்காவில் அழகற்ற தோற்றத்தைக் குறிக்கும்.

இவற்றைக் கற்க எளிய வழி உண்டு. ஒரு குறிப்பேட்டில் சொல்லை எழுதி, அது பாராட்டா, பழிப்பா என்று குறியுங்கள். அருகில் அதன் எதிர் முகமான சொல்லையும் எழுதுங்கள். பிறகு, உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி அச்சொல்லால் ஒரு வாக்கியம் அமையுங்கள். நாளுக்கு ஓர் இணை போதும்; ஒரு மாதத்தில் 60 சொற்கள் உங்கள் வசமாகும்.

முதல் நாளுக்கு 'இன்டெக்ரிட்டி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். நேர்மையைக் குறிக்கும் இச்சொல்லும், கணக்கில் முழு எண்ணைக் குறிக்கும் 'இன்டிஜர்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பிளவுபடாத முழுமையே நேர்மை என்பது அதன் உட்பொருள்.