ஆய்வேட்டுக் களஞ்சியம் உழவருக்கு எட்டுமா?

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெறும் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதி அளிக்க வேண்டும். நெல்லுக்கு எத்தனை நாள் இடைவெளியில் நீர் பாய்ச்சலாம், நிலக்கடலைக்கு ஜிப்சம் எப்போது இடலாம் என்பன போன்ற கேள்விகளுக்குச் சோதனை செய்து கண்ட விடைகள் அதில் இருக்கும். சில சோதனைகள் உழவர்களின் வயலிலேயே நடைபெறுகின்றன. ஆனால் நிலம் கொடுத்த உழவர் அந்த ஆய்வேட்டைக் கண்ணால் காண்பது அரிது. முன்பெல்லாம் தட்டச்சு செய்த சில படிகள் மட்டுமே கல்லூரி நூலகத்தில் இருக்கும். அவையும் நாளடைவில் பழுப்பேறிப் பூச்சிகளுக்கு இரையாகும்.

மின்னணுக் களஞ்சியங்கள்

இந்நிலை மாறி வருகிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்னணுப் படியையும் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் விதி செய்தது. அவற்றைச் சேமிக்கும் 'சோத்கங்கா' களஞ்சியத்தைக் குஜராத் மாநிலம் காந்திநகரில் உள்ள இன்பிளிப்நெட் மையம் நடத்துகிறது. வேளாண் ஆய்வேடுகளுக்கு 'கிருஷிகோஷ்' என்ற களஞ்சியம் தனியே உள்ளது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் தன் ஆய்வுகளை அனைவருக்கும் திறந்து வைக்கும் கொள்கையை 2013-ல் அறிவித்தது. திறந்து வைக்கப்பட்ட ஆய்வேடுகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம்.

என்ன பயன்?

துண்டு வெளியீடுகள் சிறந்த முறையை மட்டுமே கூறும். ஆய்வேடோ எட்டு முறைகளைச் சோதித்திருந்தால் எட்டின் விளைச்சலையும், வரவு செலவையும் கூறும். எது பலன் தரவில்லை என்பதும் அதில் தெரியும். புதிய நுண்ணூட்டக் கலவை ஒன்றை விலை கொடுத்து வாங்கும் முன், பலனற்றதெனக் கண்ட விவரம் கிடைத்தால் வீண்செலவு மிச்சமாகும்.

கவனம் தேவை

ஒரே ஆய்வேட்டை நம்பி முழு நிலத்திலும் இறங்கக் கூடாது. அது பெரும்பாலும் ஓரிடத்தில், ஓரிரு பருவங்களில் கண்ட முடிவாகும். பல இடங்களில் சோதித்த பின்னரே பரிந்துரை வெளியாகும். எனவே சோதனை நடந்த மண், பருவம், இரகம் ஆகியவை தம் நிலத்துக்குப் பொருந்துமா என்று பார்த்து, பயிர் உற்பத்திக் கையேட்டுடன் ஒப்பிட்டு, முதலில் சில சென்ட் நிலத்தில் மட்டும் செய்து பார்ப்பது நல்லது.

இனி வேண்டுவது

பெரும்பாலான ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் உழவருக்குப் புரியும் வகையில் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் சேர்க்கப்பட வேண்டும். நூலகங்களில் எஞ்சியுள்ள பழைய ஆய்வேடுகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேர்க்க வேண்டும். கணிப்பொறி பழுதானால் அனைத்தும் போய்விடக் கூடாது. விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் வைக்கலாகாது அல்லவா! ஆகவே படிகள் பல இடங்களில் இருக்க வேண்டும்.

உழவர்கள் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி, தம் பயிர், மண், சிக்கல் ஆகியவற்றைக் கூறி, அதற்கேற்ற ஆய்வேடு உள்ளதா எனத் தேடிச் சொல்லுமாறு கேட்கலாம். தம் வயலில் சோதனை நடக்க இடமளிக்கும் உழவர்கள், முடிவைத் தமிழில் எழுதித் தருமாறு முதலிலேயே கேட்டுக்கொள்வது நன்று.