வற்றாப்பளை வளவுகளில் மாரிகால மரக்கறித் தோட்டம்

வைகாசிப் பொங்கலுக்குக் கண்ணகை அம்மன் கோயிலுக்கு வரும் அடியார்கள் காண்பது வறண்ட வற்றாப்பளையையே. அவ்வேளையில் நந்திக்கடற் களப்பை அண்டிய வளவுகளில் மண்ணின் உவர் மேலெழுந்து நிற்கும். சில கிணறுகளின் நீரும் உவர்க்கும். ஐப்பசி மழை அவ்வுவரைக் கீழே கழுவிவிடுகின்றது. ஆகவே இத்தகைய வளவுகளுக்கு மாரியே உகந்த காலமாகும். ஆயினும் அக்காலத்திலேயே பலர் கூடிய விலை கொடுத்துக் கத்தரிக்காய் வாங்குகின்றனர். மழை தொடங்கிய பின்னரே விதை தேடப் புறப்படுவதே இதற்குக் காரணம்.

கார்த்திகைப் பெருமழைக்கு முன் செடி வேரூன்றிவிடல் வேண்டும். அதற்குக் கத்தரி, மிளகாய், தக்காளி விதைகளைப் புரட்டாதி முற்பகுதியிலேயே நாற்றுமேடையில் இடுதல் அவசியம். மேடை 3 அடி அகலமும் 6 அங்குல உயரமும் உடையதாக இருக்கட்டும். அதன்மேல் வைக்கோலையும் உமியையும் மாறிமாறிப் பரப்பி எரித்தால், நாற்றழுகல் நோய்க் கிருமிகள் பெரும்பாலும் அழியும். காற்று வீசும் திசைக்கு எதிராகத் தீ பரவுமாறு மூட்டுக. விரைந்தெரியும் தீ மண்ணைச் சூடாக்காது. மேடை ஆறிய பின் 4 அங்குல இடைவெளியில் வரிசையாக விதைத்து, வைக்கோலால் மூடி, பூவாளியால் நீர் தெளித்தல் வேண்டும். முளை கண்டதும் வைக்கோலை அகற்றிவிடுக.

ஏறத்தாழ நான்கு வாரத்தில் நாற்றுகள் நடுகைக்குத் தயாராகும். கத்தரியில் ‘திருநெல்வேலி ஊதா’ இனம் வடபகுதியார் நன்கறிந்தது. ஈரமண்ணில் தக்காளியைப் பற்றீரியா வாடல் நோய் எளிதிற் பற்றும். அதனை ஓரளவு தாங்கும் ‘திலினா’ இனத்தைத் தெரிதல் நன்று. வெண்டி, பயற்றை ஆகியவற்றை நேரே பாத்தியில் ஊன்றலாம்.

கோடையிற் பள்ளப்பாத்தி கட்டிப் பழகிய கை, மாரியிலும் அவ்வாறே கட்ட விரும்பும். அது தவறு. ஓரடி உயர மேட்டுப்பாத்தியும், இடையே சரிவாக வெட்டிய வடிகாலுமே இப்பருவத்துக்கு ஏற்றவை. கூரைத் தாழ்வாரத்து நீர் வடியும் இடத்தில் மிளகாய் நடும் வழக்கத்தையும் விட்டுவிடல் வேண்டும். அங்கே வேர் அழுகும். கூட்டெருவை நடுகைக்கு முன்னரே மண்ணுடன் கலந்துவிடுக. யூரியாவை ஒரேமுறையில் இட்டால் மழை கரைத்துச் செல்லும்; சிறிது சிறிதாகப் பிரித்து இடுக.

2020 டிசெம்பர் 2 ஆந் திகதி புரேவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. இத்தகைய இடர் மீண்டும் நேரலாம். எனவே முதல் விதைப்புக்குப் பத்து நாட்களின் பின் மற்றொரு சிறு மேடையில் விதையிட்டு, அந்நாற்றுகளைச் சிரட்டைகளில் வளர்த்துத் திண்ணையோரம் வைத்திருத்தல் நலம். மழை வெறித்ததும் வடிகாலைத் திறந்து, சாய்ந்த செடிகளுக்கு மண் அணைத்து, இறந்தவற்றின் இடத்தில் இவற்றை நடலாம்.