திருவிழா வளையலும் சொறி மீனும்

பெங்களூரு விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலில் ஜனவரித் திருவிழா என்றால் நீலசந்திராக்காரர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருப்போம். போன முறை கடைத்தெருவில் அண்ணன் மகள் அடம்பிடித்து ஓர் ஒளிரும் வளையல் வாங்கினாள். பிளாஸ்டிக் குழாய்தான். வளைத்ததும் உள்ளே 'டக்' என்று ஏதோ உடைந்தது. குலுக்கினால் பச்சை வெளிச்சம். "பேட்டரி எங்க சித்தப்பா?" என்றாள்.

பேட்டரி கிடையாது. குழாய்க்குள் ஒரு மெல்லிய கண்ணாடிக் குப்பி இருக்கிறது. அது உடைந்ததும் இரண்டு திரவங்கள் கலந்து வினைபுரிகின்றன. அதில் பிறக்கும் ஆற்றலை ஒரு சாயம் வாங்கி வெளிச்சமாக விடுகிறது, கை சுடுவதில்லை. மின்மினியும் இந்த வகைதான்.

கடலும்கூட. 2019 ஆகஸ்டில் சென்னைக் கரையோரம் அலைகள் நீலமாக மின்னிய வீடியோ எங்கள் தெருவில் வராத போன் இல்லை. நாக்டிலூகா என்னும் ஒற்றைச் செல் உயிர் கோடிக்கணக்கில் பெருகும்போது நடப்பது அது. அலை உடைந்து உலுக்கினால் ஒவ்வொன்றும் ஒரு கணம் பளிச்சிடும். மலையாளத்தில் 'கவரு' என்பார்கள், 'கும்பளங்கி நைட்ஸ்' படத்தில் வருமே, அதுதான். பார்க்க அழகு. ஆனால் அளவுமீறிப் பெருகி மடிந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்களுக்கு ஆபத்து.

எனக்குப் பிடித்தது சொறி மீன் கதை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஃப்ரைடே ஹார்பர் என்று ஓர் ஊர். அங்குள்ள கடலில் ஏக்வோரியா என்ற சொறி மீன் உண்டு. கண்ணாடிக் குடைபோல இருக்கும், குடையின் விளிம்பு மட்டும் பச்சையாக ஒளிரும். 1961 கோடையில் விஞ்ஞானி ஒசாமு ஷிமோமுரா அங்கே வந்து, உதவிக்கு வந்தவர்களோடு ஏறக்குறைய 10,000 சொறி மீன்களை வலையில் அள்ளி, விளிம்பைக் கத்தரிக்கோலால் நறுக்கித் துணியில் வைத்துப் பிழிந்தார். பிழிகிற வேகத்தில் வெளிச்சம் தீர்ந்துபோயிற்று. முதலில் வினையை நிறுத்தினால்தான் ஒளிரும் சரக்கைப் பிரிக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது, தனியாகப் படகில் மிதந்து யோசித்தபோது. அமிலம் சேர்த்தார், சாறு அணைந்தது. பிறகு நம் ஆப்பச் சோடாவைப் போட்டு அமிலத்தை முறித்ததும் லேசாக ஒளி திரும்பியது. அந்தத் திருப்தியோடு மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினார். தொட்டி முழுக்கப் பளீரென்று நீலம்!

பக்கத்து மீன்தொட்டியிலிருந்து வழிந்த கடல்நீர் அந்தத் தொட்டியில்தான் விழுந்துகொண்டிருந்தது. கடல்நீரில் உள்ள கால்சியமே திறவுகோல் என்று பிடித்துவிட்டார். வளையலில் குப்பி உடைவதுபோல, இங்கே கால்சியம் வந்து ஒட்டினால் ஏக்வோரின் என்ற புரதம் ஒளிர்கிறது. கடல்நீர்தான் வேண்டும் என்பதுகூட இல்லை. கெட்டிலில் வெள்ளைப் படிவு கட்டும் எங்கள் போர்வெல் தண்ணீர் ஒரு சொட்டு போதும்.

சரி, புரதம் நீலம் என்றால் சொறி மீன் ஏன் பச்சை? கூடவே இன்னொரு புரதமும் சாற்றில் கிடைத்தது. நீலத்தின் ஆற்றலை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தருவது அது, வளையலில் சாயம் பார்க்கும் அதே வேலை. அப்போது அது வெறும் உபரி. 1992இல் டக்ளஸ் பிராஷர் அதன் மரபணுவைப் படியெடுத்தார். 1994இல் மார்ட்டின் சால்ஃபி அதைப் புழுவுக்குள் வைத்து ஒளிரவைத்தார். ரோஜர் சியென் அதற்கு மஞ்சள், நீலம் என்று பல நிறம் கொடுத்தார். 2008இல் ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் வேதியியல் நோபல். பிராஷர் அப்போது ஆராய்ச்சிப் பணம் நின்றுபோய், அலபாமாவில் ஒரு கார் கடைக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மரபணுவைச் சால்ஃபிக்கும் சியெனுக்கும் கொடுத்ததே அவர்தான்.

இன்று அந்தப் பச்சையைப் பார்க்கக் கடலுக்குப் போகவேண்டியதில்லை. எங்கள் ஊரின் வடக்கே, ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது தேசிய உயிரியல் ஆய்வு மையமான என்சிபிஎஸ். அங்கே ஆராயப்படும் உயிர்களில் வாழைப்பழத்தில் மொய்க்கும் பழ ஈயும் ஒன்று. நரம்புச் செல் வேலை செய்யும்போது அதற்குள் கால்சியம் பாயும்; கால்சியம் பட்டால் பச்சை கூடும்படி அந்தச் சொறி மீன் புரதத்தை மாற்றியமைத்து ஈயின் மூளைக்குள் வைத்துவிடலாம். பிறகு பழ வாசனையை ஊதிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் நீல ஒளி பாய்ச்சிப் பார்த்தால், மணத்தை அறியும் இடம் பச்சையாகப் பூக்கும்.