வாப்பாவின் ரேடியோகிராம்

நானுஓயாவில் எங்கள் கடைப் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே வருடக் கணக்காகக் கிடந்தது வாப்பாவின் ரேடியோகிராம். பழைய சாமான் வாங்கும் ஒருவர் வந்து ஐயாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். பலகைக்கே அந்த விலை போகுமே! சரக்கு இன்னதென்று அறியாமல் விலை பேசுபவன் வியாபாரியா?

பின்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்தேன். வால்வுகளில் ஈசிஎச் 81, ஈஎல் 84 என்று எழுதியிருந்தது. இரண்டும் 1950களில் சந்தைக்கு வந்தவை; பெட்டி அதற்கு முந்தியதல்ல. முதல் எழுத்து ‘ஈ’ என்றால் வால்வின் இழைக்கு 6.3 வோல்ட். ‘யூ’ என்றிருந்தால் கவனம் வேண்டும். அவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்போமர் கிடையாது. உள்ளிருக்கும் இரும்புத் தட்டைத் தொட்டாலே கரண்ட் அடிக்கலாம்.

ஆசைப்பட்டு உடனே பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். என் நண்பர் ஒருவர் சொருகினார். பாட்டு வரவில்லை, புகைதான் வந்தது. பழைய கடதாசிக் கண்டென்சர்கள் நம் மலைநாட்டு ஈரத்தில் கெட்டு, கரண்டைக் கசியவிடும். முதலில் அவற்றை மாற்ற வேண்டும். பிறகு ஒரு 60 வோட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்துக் கரண்ட் கொடுக்க வேண்டும். பல்ப் மங்காமல் முழுப் பிரகாசத்தில் எரிந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட். 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும் பெட்டி இது, வேலை தெரிந்தவரிடமே கொடுங்கள். பழைய குமிழ்களையும் முகப்புத் துணியையும் மட்டும் வீசவிடாதீர்கள். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.

எங்கள் பெட்டி பேசியது. அந்த ஆள் மறுபடி வந்து நாற்பதாயிரம் என்றார். 1967 வரை ரேடியோ சிலோன் என்ற பெயரில் ஒலித்த நிலையத்தை இதில் கேட்டவர் உம்மா. குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. அவரைத் தேநீர் கொடுத்து அனுப்பினேன்.