இல்லத்து ஒலிப்பதிவறையும் எதிர்முழக்கமும்

கணிப்பொறியும் ஒலிவாங்கியும் உடையார் எவரும் இந்நாளில் தம் இல்லத்து ஓரறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக் கொள்ளலாம். ஆயின் உளமுருகப் பாடிப் பதிந்த பாட்டைத் திரும்பக் கேட்குங்கால், குரல் கிணற்றினின்று எழுவதுபோல் தோன்றுவதுண்டு. குறை குரலினதன்று, கருவியினதுமன்று, சுவரினதேயாம். பாட்டோடு கலந்துவிட்ட எதிர்முழக்கத்தைப் பின்னர் முற்றும் பிரித்தெடுத்தல் அரிது. ஆகலின் பதிவுக்கு முன்னரே அறையைச் செப்பஞ்செய்தல் வேண்டும்.

இவ்விஷயத்தை அளவைக்குட்படுத்தி ஆராய்ந்த முதல்வர் அமெரிக்கப் பௌதிக ஆசிரியர் வாலஸ் சாபின் ஆவார். 1895-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பாக் கலைக் காட்சிசாலையின் விரிவுரை மண்டபத்திலே, பேசுவோர் சொற்கள் ஒன்றோடொன்று மயங்கிப் பொருள் விளங்காதொழிந்தன. அதனைச் சீர்செய்யும் பணி இவர்பால் வந்தது. சாண்டர்ஸ் அரங்கின் ஆசன மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, ஊரடங்கிய இரவுகளில் இசைக்குழல் ஒன்றை ஒலித்து நிறுத்தி, எஞ்சிய ஒலி அடங்குங் காலத்தை அளந்தார். வெற்று மண்டபத்தில் 5½ வினாடிக்கு மேல் நின்ற முழக்கம் மெத்தைகள் பெருகப் பெருகக் குறைந்தது. 1900-இல் திறக்கப்பெற்ற பாஸ்டன் சிம்பனி மண்டபம் இவர் கண்ட கணக்கைத் துணைக்கொண்டு அமைந்ததே.

அக்கணக்கு எளிது. ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறையுங் காலமே எதிர்முழக்க காலம். அறையின் கனமீட்டர் அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையின் பரப்புகள் ஒலியை உட்கொள்ளுந் திறனால் வகுத்தால் அக்காலம் வினாடியில் வரும். திறந்த சாளரம் தன்மேற்பட்ட ஒலியைத் திருப்பாதாகலின், ஒரு சதுரமீட்டர் திறந்த சாளரமே அத்திறனுக்கு அலகு.

4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையைக் கொள்வோம். கன அளவு 36. உட்பரப்பு 66 சதுரமீட்டர். காரைச் சுவர் நூற்றில் 3 பங்கு ஒலியை உட்கொள்ளுமெனின் திறன் ஏறத்தாழ 2, காலம் 2.9 வினாடி. இதனை 0.4 வினாடியாகக் குறைக்கத் திறன் 14½ வேண்டும். அஃதாவது புதிதாய்ச் சேர்ப்பது 12½ அலகு. இவ்வாறு முன்னரே கணித்தார்க்குப் பொருள் வீணாகாது.

எனினும், சிற்றறைகளில் தாழ்ந்த ஒலிகளுக்கு இக்கணக்கு முற்றும் பொருந்தாது. விநாடிக்கு 1000 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். 100 அதிர்வுடையதற்கோ 3.4 மீட்டர். மெல்லிய திரையும் நுரைப்பஞ்சும் உயர்ந்த ஒலியை மாத்திரம் விழுங்க, மிருதங்கத்தின் தொப்பி போன்ற தாழ்ந்த முழக்கம் அடங்காது நிற்கும். 10 முதல் 15 சென்டிமீட்டர் தடித்த பாறைப்பஞ்சைச் சட்டத்திலிட்டுத் துணி போர்த்திச் சுவரினின்று சற்றே விலக்கி வைத்தல் நன்று; தாழ்ந்த ஒலி மிகத் திரளும் மூலைகளே அதற்கு முதலிடம்.

இன்னுமொன்று உளங்கொளத்தக்கது. பஞ்சும் மெத்தையும் உள்ளொலியை அடக்குமேயன்றித் தெருவொலியைத் தடா. அதனைத் தடுப்பன கனத்த சுவரும் இடுக்கின்றி மூடுங் கதவுமே. இவ்விரு பணிகளையும் வேறுபிரித்தறிந்து, முதலில் அறையை அளந்து, பின்னரே பொருள் வாங்குதல் அறிவுடைமையாம்.