செங்காது ஆமை வளர்ப்பு

செங்காது ஆமை, வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட நன்னீர் ஆமையாகும். கண்ணுக்குப் பின்னால் உள்ள சிவப்புப் பட்டையால் இப்பெயர் பெற்றது. வண்ணமீன் கடைகளில் ‘ரெட் இயர் ஸ்லைடர்’ என்று விற்கப்படுவது இதுவே.

நம் ஏரி குளங்களில் வாழும் பாலாமையும், தரையில் வாழும் நட்சத்திர ஆமையும் வேறு இனங்கள். இவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ஏரி வற்றும் காலத்தில் மாணவர்கள் சிலர் ஆமைக்குட்டியை வகுப்பறைக்கே கொண்டுவருவதுண்டு. பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடச் சொல்வதுதான் சரி.

கடையில் வாங்கும்போது செங்காது ஆமை உள்ளங்கைக்குள் அடங்கும். ஆனால் பெண் ஆமையின் ஓடு 25 செ.மீ. அளவுக்கும் வளரக்கூடும்; நன்கு பராமரித்தால் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆகவே கடையில் தரும் சிறு பிளாஸ்டிக் பெட்டி அதற்கு வீடாகாது.

பல ஆமைகள் நோயுறுவதற்கு முதற்காரணம் வெயில் படாமையே. சூரிய ஒளியிலுள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் உடலில் வைட்டமின் டி3 உருவாகும். அது இல்லாவிட்டால் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து கொடுத்தாலும் உடலில் சேராது. ஓடு மென்மையாகிக் கோணலாக வளரும். சன்னல் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடுகிறது. கண்ணாடித் தொட்டியைச் சன்னலருகே வைத்துவிட்டு வெயில் படுகிறது என்று நம்புவது வீண். காலை வெயிலில் அரைமணி நேரம் வெளியே வைக்கலாம். தொட்டியில் பாதி நிழலாக இருக்கட்டும். ஏறி உடல் உலர்த்த ஒரு செங்கல்லோ தட்டைக் கல்லோ போடவும். காக்கை, பூனை வராமல் வலை மூடுவதும் அவசியம்.

நீரின் வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. கள்ளக்குறிச்சிச் சமவெளியில் சித்திரை, வைகாசி நண்பகலில் மொட்டைமாடித் தொட்டி நீர் கொதிப்பதுபோல் சூடேறிவிடும். ஆமை இறந்தே போகலாம். மாறாக, கல்வராயன் மலையில் வெள்ளிமலை போன்ற ஊர்களில் மார்கழி இரவுகளில் நீர் குளிர்ந்து ஆமை இரையெடுக்காமல் சோர்ந்துவிடும். அங்கு தொட்டியை வீட்டுக்குள் வைத்து நீரைச் சூடாக்கும் கருவி பொருத்த வேண்டும்.

ஆமை உண்பதும் கழிப்பதும் ஒரே நீரில்தான். வடிகட்டி இல்லையெனில் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை நீரை முழுதும் மாற்ற வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரை ஒருநாள் திறந்து வைத்துப் பயன்படுத்தலாம். தனி வாளியில் இரை போட்டால் தொட்டி விரைவில் அழுக்காகாது.

குட்டிகளுக்கு மண்புழு, சிறுமீன் போன்ற இரை மிகுதியாகத் தேவை. வளர்ந்தவை பெரும்பாலும் அசோலா, துருவிய கேரட், பரங்கிக்காய் ஆகியவற்றை உண்ணும். சோறும் பொரியும் ரொட்டியும் வேண்டாம். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரைத் துண்டு ஒன்றை நீரில் போட்டு வைக்கலாம்.

கண் வீங்கி மூடியிருப்பது பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவால் வருவது. ஒருபக்கம் சாய்ந்து நீந்தினாலோ வாயில் குமிழி வந்தாலோ நுரையீரல் நோய் எனக் கொண்டு உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அருகில் சேலம் மாவட்டம் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. ஆமைக்கு மருத்துவம் பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டுச் செல்வது நல்லது.

நலமாகத் தோன்றும் ஆமையிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகள் பலர் நோயுற்றதால் 10 செ.மீ.க்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் தடைசெய்தது. தொட்டபின் சோப்பால் கை கழுவ வேண்டும். தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக்கூடாது.

பெரிதாகிவிட்டது என்று சிலர் கோயில் குளத்தில் விட்டுவிடுகின்றனர். புண்ணியம் என்றும் நினைக்கின்றனர். இவ்வினம் உலகின் மிகத் தீங்கான 100 அயல் ஊடுருவல் இனங்களில் ஒன்று. உள்ளூர் ஆமைகளின் இரையையும் வெயில்காயும் இடத்தையும் பறிக்கும், நோயையும் பரப்பும். கேரளத்தில் திருச்சூர்ப் பகுதி நீர்நிலைகளில் ஏற்கெனவே இவை காணப்பட்டுள்ளன. கல்வராயன் ஓடைகளின் நீர் சேரும் கோமுகி அணையிலோ ஊர் ஏரியிலோ ஒன்றைக்கூட விடக்கூடாது. வளர்க்க இயலாதவர்கள் வளர்க்கத் தெரிந்த வேறொருவரிடம் கொடுக்கலாம். ஆள் கிடைக்காவிட்டால் வனத்துறையினரிடம் கேட்கலாம்.