மிதிவண்டி தந்த மாற்றம்

உடலுக்கு இயக்கம் தேவை என்பதை அறியாதவர் இலர். புத்தாண்டின் முதல் நாளில் உடற்பயிற்சியைத் தொடங்குவோர் பலர். தைப்பொங்கல் வருமுன் கைவிடுவோரும் பலர். நன்மை என்று தெரிந்திருந்தும் பழக்கம் நிலைக்காமல் போவது ஏன்? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்ற வரலாறு இவ்வினாவிற்குத் தக்க விடையாக அமைகிறது.

நெடுவழியும் காத்திருப்பும்

தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த புதுக்கோட்டை 1948ஆம் ஆண்டில் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. 1974ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. இம்மாவட்டத்தின் பெரும்பகுதி நிலம் கண்மாய்களையும் பருவமழையையும் நம்பியிருப்பது. மழை பொய்த்தால் வேளாண்மை பொய்க்கும். எனவே பெண்கள் வயல் வேலையோடு கல்குவாரிகளில் கல்லுடைக்கும் வேலைக்கும் சென்றனர். குடிநீர் சுமத்தல், விறகு சேர்த்தல், விளைபொருளை அயலூருக்குக் கொண்டுசென்று விற்றல் ஆகியனவும் அவர்களுடைய பணிகளாகவே இருந்தன.

இப்பணிகள் யாவற்றிற்கும் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். ஊருக்குப் பேருந்து வரும் வேளைகளோ சில. பேருந்தைத் தவறவிட்டவர் நடந்தாக வேண்டும். இன்றேல், தந்தையோ உடன்பிறந்தானோ கணவனோ மிதிவண்டியில் அழைத்துச் செல்லும்வரை காத்திருக்க வேண்டும். பல வீடுகளில் மிதிவண்டி இருந்தது. ஆனால், அது ஆண்களின் உடைமையாகவே கருதப்பட்டது. பெண் அதன் பின்னிருக்கையில் அமரலாம். ஓட்டலாகாது என்பது எழுதப்படாத விதியாக இருந்தது.

எழுத்தோடு வந்த சக்கரம்

இந்திய அரசு 1988ஆம் ஆண்டில் தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக 1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் காலூன்றியது. ஊதியம் பெறாத தொண்டர்கள், வேலை முடிந்து வீடு திரும்பிய மக்களுக்கு எழுத்தறிவித்தனர். கற்போருள் பெரும்பான்மையினர் பெண்கள். கற்பித்தோருள்ளும் பெண்கள் பலர் இருந்தனர்.

அப்போது மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய ஷீலா ராணி சுங்கத், மிதிவண்டிப் பயிற்சியை எழுத்தறிவுப் பணியின் ஒரு பகுதியாக்கினார். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தாமாகச் செல்ல இயலாத பெண்ணிடம், கற்ற எழுத்தும் முழுப்பயன் தராது என்பதே இதன் அடிப்படை. பெண்கள் மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழிசெய்யப்பட்டது. ஊர்தோறும் திறந்தவெளிகளில் பயிற்சி முகாம்கள் நடைபெற்றன. முதலில் கற்றவர் அடுத்தவருக்குப் பிடித்துவிட்டுக் கற்பித்தார். மிதிவண்டி கற்க அழைக்கும் இயக்கப் பாடல்கள் ஊர்களில் ஒலித்தன.

தொடக்கத்தில் ஏளனப் பேச்சுகள் எழாமல் இல்லை. சேலை கட்டிய பெண் மிதிவண்டி ஓட்டுவதா எனப் பலர் நகைத்தனர். எனினும், பலர் ஒன்றாகக் கற்றதாலும் மாவட்ட நிருவாகமே முன்னின்றதாலும் அப்பேச்சுகள் வலுவிழந்தன. 1992ஆம் ஆண்டு உலக மகளிர் நாளையொட்டி 1500 பெண்கள் கைப்பிடிகளில் கொடிகள் பறக்க, மணியோசை எழுப்பிப் புதுக்கோட்டை நகரில் மிதிவண்டிப் பேரணி சென்றனர். மாவட்டத்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர் என்றும், அவர்களுள் 70,000 பேருக்கும் மேற்பட்டோர் பொதுவெளியில் தம் திறனைக் காட்டும் போட்டிகளில் பங்கேற்றனர் என்றும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார்.

மகளிர்க்கான மிதிவண்டிகள் போதிய அளவில் கிடைக்காதபோது பெண்கள் ஆண்களுக்கான மிதிவண்டிகளையே ஓட்டினர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திச் செல்லலாம் என்பதால் அவ்வகை வண்டியையே விரும்பியவர்களும் உண்டு.

குறைந்த சுமையும் மிகுந்த நேரமும்

இங்கு ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். கல்லுடைத்து, நாற்று நட்டு, குடம் சுமந்த இப்பெண்களுக்கு உடலுழைப்புக் குறைவாக இருக்கவில்லை. அளவுக்கு மீறியே இருந்தது. மிதிவண்டி அவர்களுக்கு உடற்பயிற்சிக் கருவியாக வரவில்லை. நடப்பதற்குச் செலவாகும் அதே ஆற்றலைக் கொண்டு மிதிவண்டியில் மூன்று நான்கு மடங்கு தொலைவு செல்லலாம். தலையிலும் இடுப்பிலும் சுமந்த நீர்க்குடத்தை வண்டி தாங்கியது. பேருந்துக்குக் காத்திருந்த நேரம் மிஞ்சியது. அந்நேரத்தில் கூடுதலாகச் சில ஊர்களில் பொருள் விற்க முடிந்தது. சற்றே ஓய்வு கொள்ளவும் முடிந்தது.

எல்லாவற்றினும் மேலாக, எப்போது புறப்படுவது, எவ்வழியே செல்வது என்பதைப் பெண் தானே முடிவு செய்தாள். உடலைத் தன் விருப்பப்படி இயக்கும் உரிமையே இம்மாற்றத்தின் உயிர்நாடி.

இத்தகைய மாற்றம் பிற நாடுகளிலும் நிகழ்ந்துள்ளது. 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் கொண்ட மிதிவண்டியை உருவாக்கினார். அதன்பின் மேலைநாட்டுப் பெண்கள் பெருமளவில் மிதிவண்டி ஓட்டத் தொடங்கினர். அமெரிக்கச் சமூகச் சீர்திருத்தவாதி பிரான்சிஸ் வில்லார்டு தம் 53ஆம் அகவையில் மிதிவண்டி கற்று, அவ்வனுபவத்தை 1895ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பெண்களின் விடுதலைக்கு மிதிவண்டி ஆற்றிய தொண்டு பெரிது என்று வாக்குரிமைப் போராளி சூசன் பி. ஆந்தனி பாராட்டினார்.

அமர்ந்திருக்கும் தலைமுறை

புதுக்கோட்டைப் பெண்களின் இடர் மிகையான உழைப்பு. இன்றைய மாணவர்களின் இடர் அதற்கு நேர்மாறானது. வகுப்பறையில் அமர்தல், தனிப்பயிற்சியில் அமர்தல், திறன்பேசியின்முன் அமர்தல் என நாள் கழிகிறது. 5 முதல் 17 அகவை வரை உள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது மிதமான அல்லது தீவிரமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால், உலகில் 11 முதல் 17 அகவை வரை உள்ளோருள் ஐவரில் நால்வர் இவ்வளவை எட்டுவதில்லை என அந்நிறுவனத்தின் ஆய்வு 2019ஆம் ஆண்டில் தெரிவித்தது. எட்டாதோர் விகிதம் மாணவர்களைவிட மாணவியரிடையே மிகுதி.

முறையான இயக்கம் உடலில் நிகழ்த்தும் மாற்றங்கள் பல. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த குருதியைச் செலுத்தும் வலிமை பெறுகிறது; அதனால் ஓய்வு வேளையில் குறைந்த துடிப்பே போதுமானதாகிறது. தசைகளில் நுண்குருதிக் குழாய்கள் பெருகுகின்றன. ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் மிகுகின்றன. இயங்கும் தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்வதோடு இன்சுலின் செவ்வனே செயற்படவும் துணைசெய்கின்றன. மனச்சோர்வு தணிகிறது, நல்ல உறக்கம் வாய்க்கிறது. இப்பயன்கள் ஒரே நாளில் விளைவன அல்ல. வாரக்கணக்கில் தொடர்ந்தால் கிட்டுவன. பயிற்சியை விட்டுவிட்டால் மெல்ல மெல்ல மறைவன.

மிதிவண்டி ஓட்டும்போது உடல் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்குவதால் முழங்கால்களுக்கு அழுத்தம் குறைவு. ஆயினும், எலும்புகள் உறுதிபெற ஓட்டம், கயிறு தாண்டுதல், சடுகுடு போன்ற நிலத்தில் காலூன்றி ஆடும் ஆட்டங்களும் வேண்டும்.

பழக்கம் நிலைக்கும் வழி

புதுக்கோட்டைப் பெண்கள் தொடங்கியதைக் கைவிடாமைக்குக் காரணங்கள் வெளிப்படையானவை. முதலாவது, அவர்கள் கற்ற பயிற்சி அன்றாடத் தேவையோடு இணைந்திருந்தது. அதற்கெனத் தனியே நேரம் ஒதுக்க வேண்டிய நிலை இல்லை. இரண்டாவது, அவர்கள் தனித்துக் கற்கவில்லை. தோழியரோடு கூடிக் கற்றனர். ஒருவர் தயங்கினால் மற்றவர் அழைத்தார். மூன்றாவது, கருவி கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. நான்காவது, பிறர் நகைப்புக்கு அஞ்சிப் பின்வாங்காத உறுதி கூட்டுமுயற்சியால் விளைந்தது. வெறும் மனவுறுதியை மட்டும் நம்பியிருந்தால் இவர்களுள் பலர் சில நாள்களிலேயே விலகியிருக்கக்கூடும்.

இந்நான்கும் இன்றைய மாணவர்க்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு பயிலும் மாணவர்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. பீகார் மாநிலம் 2006ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு மிதிவண்டிக்கான தொகை வழங்கத் தொடங்கியது. அதன் விளைவாக உரிய அகவையில் உயர்நிலைக் கல்வியில் சேர்ந்த மாணவியர் எண்ணிக்கை 32 விழுக்காடு உயர்ந்ததாகப் பொருளியல் அறிஞர்களான கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோரின் ஆய்வு கண்டறிந்தது. ஆகவே, மிதிவண்டி கல்விக்கும் வழிதிறக்கும் ஊர்தி என்பது தெளிவு.

பள்ளி நான்கு கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஒரு வழிக்கு 20 நிமிடம். சென்று திரும்ப 40 நிமிடம். வாரத்தில் ஐந்து நாள்களுக்கு 200 நிமிட உடலியக்கம் கிடைக்கும். மாலையில் 20 நிமிடம் விளையாடினால் பள்ளி நாள்களுக்குரிய 60 நிமிட அளவு நிறைவேறும். இதற்கு உடற்பயிற்சிக் கூடமோ பொருட்செலவோ தேவையில்லை. சாலை விதிகளைப் பின்பற்றுதலும் தடுப்புக்கட்டைகளைச் சீராக வைத்திருத்தலும் இரவில் ஒளிர்ப்பான்கள் பொருத்துதலும் இன்றியமையாதன.

ஒரு மாவட்டத்தின் பெண்கள் பகல் முழுதும் உழைத்த களைப்போடு, ஏளனத்தையும் தாங்கி, விழுந்தெழுந்து கற்ற கலை இது. அவர்களுக்கு எளிதில் கிட்டாத வண்டி இன்று மாணவர் கைகளுக்கே வந்து சேர்கிறது. அதனை நாள்தோறும் பயன்படுத்துவதும் துருப்பிடிக்க விடுவதும் பெறுபவரைப் பொறுத்தன. நல்ல மாற்றம் பெருமுயற்சிகளால் மட்டும் விளைவதன்று. ஒவ்வொரு காலையும் அதே வழியில் மீண்டும் மிதிக்கும் கால்களாலும் விளைவதாகும்.